சிசு மரணக் கணக்கும் தடுப்பூசிக் கண்காணிப்பும்

(மேற்குத் தாம்பரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிசு மரணத்தைப் பற்றி ஒரு மாலைப் பொழுதில் பேசுவது பலருக்கு உவப்பாக இராது என்பதை அறிவேன். ஆயினும் ஓராண்டு நிறையாத குழந்தைகள் எத்தனை பேர், எந்த வயதில், எக்காரணத்தால் இறக்கின்றனர் என்ற கணக்கை ஓரிடத்திலும், தடுப்பூசி போட்டபின் நேரும் தீங்குகளின் கணக்கை வேறோரிடத்திலும் எழுதி, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பாராமல் இருப்பதே இவ்விஷயத்தில் அடிக்கடி எழும் கலக்கங்களுக்கு மூலகாரணம் என்பதும், அவ்விரு கணக்குகளையும் ஒரே சட்டத்தின்கீழ் இணைக்கும் அதிகாரம் நம் மாநிலச் சட்டசபைக்கு உண்டு என்பதும் என்னுடைய கட்சி. அதை உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

நமக்கு மிக அருகில், அதாவது முன்பு நம்முடைய செங்கற்பட்டு ஜில்லாவின் பகுதியாகவே இருந்த திருவள்ளூர் மாவட்டத்தில், 2008 ஏப்ரல் 23 அன்று தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளுள் நால்வர் அன்றைக்கே உயிர் துறந்த செய்தியை உங்களிற் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். ஊசி போட்ட சிறிது நேரத்தில் குழந்தை துவண்டு விழுவதைக் கண்ட தாய்க்கு எந்த நிபுணர் குழுவின் அறிக்கையும் வேண்டியதில்லை. அவள் கண்ட காட்சியே அவளுக்கு அறிக்கை. மருந்துக் குப்பிகள் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன. ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. அதன்பின், கிராமந்தோறும் அங்கன்வாடியிலும் திண்ணையிலும் நர்ஸம்மா வந்து போட்டுவந்த முறை மாறி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அச்சம் தணிய அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் நாற்று நடவுக்குப் போகும் பெண்ணுக்கும் செங்கற்சூளையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அது ஒரு நாட்கூலி. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் எல்லாத் தடுப்பூசிகளும் முறையாகப் பெற்ற குழந்தைகள் 2005-06இல் நூற்றுக்கு ஏறத்தாழ 81 பேராக இருந்து, 2015-16இல் ஏறத்தாழ 70 ஆகக் குறைந்து, 2019-21இல்தான் 89 ஆக உயர்ந்தனர். இவ்வீழ்ச்சிக்குப் பல ஹேதுக்கள் இருக்கக்கூடும். திருவள்ளூர்த் துயரமும் அதைத் தொடர்ந்த ஏற்பாடும் அவற்றுள் முக்கியமானவை என்பதே என் அபிப்பிராயம்.

அதே 2008 ஏப்ரலில், கடலுக்கு அப்பால் இலங்கையிலும், ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஜனவரியில் தொடங்கிய சில மாதங்களுக்குள் ஐந்து குழந்தைகள் இறந்ததன் பேரில், அவ்வூசியை அரசாங்கம் நிறுத்திவைத்தது. விசாரணை நடத்தி, 2010இல் அதை மீண்டும் தொடங்கினார்கள். அதே வகையான ஊசியை இந்தியாவில் முதலில் ஏற்றுக்கொண்ட மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். அது 2011 டிசம்பர்.

இங்கே ஒரு கணக்கைச் சற்றுப் பொறுமையோடு கேட்கவேண்டுகிறேன். நம் மாநிலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஆயிரம் குழந்தைகளுக்குப் பதின்மூவர் ஓராண்டுக்குள் இறந்தனர். அகில இந்தியாவில் அது இருபத்தெட்டாக இருந்தது. அப்படியானால் பதினோராயிரத்துச் சொச்சம் சிசுக்கள், அதாவது நாளொன்றுக்கு முப்பதுக்கு மேல். இவற்றில் பெரும்பாலானவை பிறந்த முதல் மாதத்திலேயே போய்விடுகின்றன. அம்மாதத்தைக் கடந்து ஓராண்டுக்குள் இறப்பவை மூவாயிரம் என்று கணக்கின் பொருட்டு மட்டும் வைத்துக்கொள்வோம். ஒன்றரை மாசத்து ஊசி, இரண்டரை மாசத்து ஊசி, மூன்றரை மாசத்து ஊசி, ஒன்பதாம் மாசத்து ஊசி என்று நான்கு நாட்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஊசி போட்ட நாளையும் மறுநாளையும் சேர்த்தால் எட்டு நாட்கள். ஊசிக்கும் மரணத்துக்கும் அணுவளவும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்த மூவாயிரத்தில் ஏறத்தாழ எழுபது மரணங்கள் ஆண்டுதோறும் அந்த எட்டு நாட்களுள் வந்து விழும். காய்ச்சலாயிருக்கும் பிள்ளைக்கு ஊசியைத் தள்ளிப்போடுவது வழக்கமாதலால் உண்மைத் தொகை இதனினும் சற்றுக் குறையலாம். எழுபது வீடுகளில், "நேத்துதான் ஊசி போட்டுட்டு வந்தோம், இன்னிக்குப் பிள்ளை இல்லை" என்ற வாக்கியம் சொல்லப்படும். அது பொய்யன்று, ஆனால் அது காரணத்தின் நிரூபணமும் அன்று. எழுபதுதான் எதிர்பார்க்கத்தக்கது என்று தெரிந்திருந்தால்தான், ஓராண்டில் அது நூற்றிருபதாகும்போது ஏதோ தவறு நிகழ்கிறது என்று விழித்துக்கொள்ள முடியும். சிசு மரணக் கணக்கே சரியாக இல்லாத இடத்தில், ஊசியைக் குற்றஞ்சாட்டுபவரும் ஊசிக்குச் சான்று கூறுபவரும் சமமான இருட்டில் நின்றே பேசுகின்றனர்.

சரியான பதிவு நிரபராதியை விடுவிக்கும் என்பதற்கு நம் தேசத்திலேயே பழைய திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. 1902 அக்டோபர் 30 அன்று பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் முல்கோவால் என்னும் கிராமத்தில், பம்பாயில் வால்டெமர் ஹாஃப்கின் என்னும் விஞ்ஞானி தயாரித்த பிளேக் தடுப்பு மருந்து நூற்றேழு பேருக்குப் போடப்பட்டது; அவர்களில் பத்தொன்பது பேர் தசைவிறைப்பு ஜன்னியால் மாண்டனர். மருந்து தயாரித்த இடத்தின் மீதே பழி விழுந்து, ஹாஃப்கின் பதவியிழந்தார். ஆனால் எந்த ஆளுக்கு எந்தக் குப்பியிலிருந்து மருந்து போட்டார்கள் என்பது எழுதிவைக்கப்பட்டிருந்தது. மாண்ட பத்தொன்பது பேரும் ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள் என்றும், அன்று பயன்பட்ட மற்றக் குப்பிகளிலிருந்து பெற்றவர் ஒருவருக்கும் தீங்கில்லை என்றும் அதனால் தெரிந்தது. குப்பியைத் திறக்கையில் தரையில் விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாததுதான் காரணம் என்ற வாதம் வலுப்பெற, 1907இல் அவர் மீதிருந்த பழி நீங்கிற்று. ஐந்து வருஷம் ஆயிற்று என்பது வேறு விஷயம்.

பதிவு, குற்றமுள்ளதையும் அதே நியாயத்தோடு பிடித்துக்கொடுக்கும். அமெரிக்காவில் 1986இல் இயற்றிய ஒரு சட்டம், தடுப்பூசிக்குப் பின் நேரும் குறிப்பிட்ட தீங்குகளைத் தெரிவிக்க வேண்டியது மருத்துவரின் கடமை என்று விதித்தது. 1990 முதல் அதற்கென ஒரு பதிவு முறை இயங்குகிறது. 1998இல் வந்த ரோட்டா வைரஸ் தடுப்பூசி ஒன்றைப் பெற்ற சிசுக்களுள் சிலருக்குக் குடல் செருகிக்கொள்கிறது என்பதைச் சொற்பமான அறிக்கைகளிலிருந்தே கண்டறிந்து, ஓராண்டு கழிந்த சில மாதங்களில், 1999இல், அவ்வூசியையே சந்தையிலிருந்து விலக்கினார்கள். அந்த அனுபவத்தால், இந்தியாவில் புதிய ரோட்டா ஊசி வந்தபோது குடல் செருகலைக் கண்காணிக்கும் ஏற்பாடு கூடவே வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அதில் பெரும்பங்கு கொண்டனர். நம் நாட்டுச் சிசுக்களிடம் அத்தகைய அபாயம் கூடவில்லை என்ற முடிவை 2020இல் வெளியிட்டனர். தேடிப் பார்த்து 'இல்லை' என்று சொல்வதற்கும், தேடாமலே 'இல்லை' என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தாய்மார்கள் நன்கு அறிவார்கள்.

சென்னைக்குத் தெற்கே உள்ள நமக்கு இவ்விவாதம் புதிதும் அன்று. கிண்டியில் 1948இல் நிறுவிய ஆய்வுக்கூடம் தேசம் முழுவதற்கும் க்ஷயரோகத் தடுப்புக்கான பி.சி.ஜி. மருந்து தயாரித்து அனுப்பியது. அம்மருந்தை ஊர்தோறும் போட்டுவந்த காலத்தில், 1955இல், ராஜாஜி அவர்களே அதை எதிர்த்துப் பிரசுரம் வெளியிட்டார். க்ஷயரோகத்துக்கென்று 1928இல் டாக்டர் சௌத்ரி முத்து தொடங்கிய சானடோரியம் இதோ பக்கத்தில் இருக்கிறது. ராஜாஜியின் ஆட்சேபங்களில் சில இன்று நிற்கமாட்டா. ஆயினும் அவரை அறியாதவர் என்று தள்ளிவிடாமல், வினாவை வினாவாகவே எடுத்துக்கொண்டு விடை தேடினார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. 1968இல் தொடங்கிப் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் கிராமங்களில் லட்சக்கணக்கான மக்களிடையே நடத்திய பி.சி.ஜி. பரிசோதனையின் முடிவு 1979இல் வெளிவந்தபோது, வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அம்மருந்து தடுக்கவில்லை என்று தெரிந்தது. அம்மருந்தை ஆதரித்துவந்த ஸ்தாபனங்களுக்கு இது எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும்! ஆனால் மறைக்கவில்லை, பதினைந்து ஆண்டுத் தொடர்கணக்கையும் பின்னர் வெளியிட்டனர். பச்சிளங் குழந்தைகளின் மூளைச்சவ்வு க்ஷயம் முதலிய கொடிய வகைகளை அது தடுக்கிறது என்பது தெளிவானதால், பிறந்தவுடன் போடும் வழக்கம் மட்டும் நிலைத்தது. பொதுஜனங்கள் ஒரு மருந்தை நம்புவதற்கு, தனக்குப் பாதகமான முடிவையும் வெளியிட்ட ஒரு ஸ்தாபனத்தின் வார்த்தையைவிடச் சிறந்த காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, மரணத்தை இருபத்தொரு நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரும் நகரத்தில் சுகாதாரத் துறையினரும் அதைப் பதிகின்றனர். 2023இல் செய்து அவ்வருஷம் அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தால், மரணம் நிகழும் மருத்துவமனை எதுவானாலும், அரசினதோ தனியாரதோ, மரணகாரணச் சான்றைப் பதிவாளருக்கு அனுப்பி, ஒரு பிரதியை உறவினருக்குத் தரவேண்டும். இது நல்ல திருத்தம். ஆனால் இறப்பு அறிக்கைப் படிவத்தைப் பாருங்கள்: இறந்தது ஒரு நாள்கூட ஆகாத குழந்தையானால் எத்தனை மணி நேரம் என்று கேட்கிறது, இறந்தவர் எத்தனை வருஷம் புகைபிடித்தார், புகையிலை மென்றார், பாக்குப் போட்டார், மது அருந்தினார் என்றெல்லாம் கேட்கிறது, சிசுவுக்குக் கடைசியாக எந்தத் தேதியில் எந்த ஊசி போடப்பட்டது என்று மட்டும் கேட்பதில்லை.

மற்றக் கணக்கின் நிலை என்ன? தடுப்பூசிக்குப் பிந்திய தீங்கை ஊசி போடும் ஊழியரும் மருத்துவரும் உடனே மேலிடத்துக்கு அறிவிக்கவேண்டும், மாவட்டக் குழு விசாரிக்கவேண்டும், மருந்தாலா, போட்ட முறையாலா, பயத்தாலா, தற்செயலாலா என்று நிபுணர்கள் வகைப்படுத்தவேண்டும் என்பவையெல்லாம் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளாக நன்றாகவே எழுதப்பட்டுள்ளன. மருந்து தயாரிப்போரைச் சட்டமே கட்டுப்படுத்துகிறது. ஆனால் சேலையூரிலோ பல்லாவரத்திலோ தனியாராகக் கிளினிக் வைத்திருக்கும் குழந்தை மருத்துவரைக் கட்டுப்படுத்துவது அந்த நெறி ஒன்றுதான். 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்று நோயைக் கண்ட மருத்துவர் அதை அதிகாரிக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று அந்நாளிலேயே விதித்தது. வாந்திபேதிக்குச் சட்டம், ஊசி போட்ட மறுநாள் இறந்த குழந்தைக்கு வேண்டுகோள். உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில், எவரையும் தடுப்பூசிக்கு வற்புறுத்தலாகாது என்று கூறியதோடு, தனி மனிதரும் தனியார் மருத்துவரும் தீங்குகளை எளிதாகத் தெரிவிப்பதற்கு வழி செய்யவேண்டும் என்றும், அந்தரங்கத்துக்குப் பங்கமின்றி அவ்விவரங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது. அது கோவிட் ஊசிகளைப் பற்றிய தீர்ப்பு. அதன் நியாயம் ஒன்றரை மாசத்துக் குழந்தைக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

மாநிலத்துக்கு இதில் அதிகாரம் உண்டா என்று ஐயுறுவோர், அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டலாம். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. பிறப்பு இறப்புப் பதிவும் மருந்துகளும் பொதுப் பட்டியலில் உள்ளன. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

தாம்பரத்தில் இது ஏன் விசேஷமாக வேண்டியிருக்கிறது என்று சொல்கிறேன். 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்னும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி மாநகராட்சி செய்தார்கள். பத்துப் பதிவேடுகள் ஒன்றாயின. ஆனால் இங்கே குடியிருக்கும் குடும்பங்களின் வாழ்வு ஒரு பதிவேட்டில் அடங்குவதன்று. பெண் இங்கே குடித்தனம் செய்கிறாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடாகிய திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ போகிறாள். பிறந்தவுடன் போடும் ஊசியும் ஒன்றரை மாசத்து ஊசியும் அங்கே நடக்கின்றன. மூன்றாம் மாதம் பிள்ளையோடு திரும்பி, அடுத்த ஊசியைத் தெருமுனைக் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறாள். பிள்ளைக்கு மூச்சு முட்டினால் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஓடுகிறாள். மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் அதைப் பதிவார்கள் என்பதால், அக்குழந்தை சென்னையின் கணக்கில் இறக்கிறது; பிறந்தது வேறு மாவட்டத்துக் கணக்கில்; ஊசியோ அட்டையில் மட்டும், அதுவும் தாய்வீட்டுப் பீரோவில். கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் பன்னிரண்டு இலக்க எண் இவையனைத்தையும் ஒரு நூலில் கோக்கவல்லது. பிறப்புச் சான்றுக்கு அதைக் கேட்கிறார்கள், இறப்பில் அதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இரவில் தொட்டிலிலோ பாயிலோ குழந்தை இறந்துகிடந்தால், "பால் புரையேறிடுச்சு" என்று சொல்லி விடியுமுன் அடக்கம் செய்துவிடுவது நம்மவர் வழக்கம். சில சமயம் அது உண்மை; பல சமயம் உண்மை யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்துக்குள் பிறவி இருதயக் கோளாறும் நிமோனியாவும் காரணமறியா உறக்க மரணமும் மறைந்துகொள்ளும். அதனினும் கொடியவையும் மறைந்திருந்தன. உசிலம்பட்டி, சேலம், தருமபுரி வட்டாரங்களில் பெண் சிசுக்கள் கொல்லப்பட்டுவந்த காலத்தில், ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் அம்மரணங்களைச் சமூகக் காரணத்தால் நேர்ந்தவை என்று எழுதிவைத்தார்கள். அந்த மங்கிய சொல்லாவது எழுதப்பட்டிருந்ததால், 1995ஆம் ஆண்டுப் பதிவேடுகளைக் கொண்டு ஆய்வாளர்களான ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அக்கொடுமையின் அளவை மாவட்டவாரியாக உலகுக்குக் காட்ட முடிந்தது. யாரோ ஒரு கிராமச் செவிலி தன் கடமையைச் செய்தாள் என்பதை மறக்கலாகாது.

ஆகவே நான் வேண்டும் சட்டம் பெரிதன்று. ஓராண்டுக்குட்பட்ட ஒவ்வொரு மரணத்தையும், வீட்டில் நேர்ந்தாலும் மருத்துவமனையில் நேர்ந்தாலும், இருபத்தொரு நாள் காத்திராமல் ஒரு நாளுக்குள் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். அவ்வறிக்கையில் கடைசி ஊசியின் தேதி, மருந்தின் பெயர், குப்பியின் தொகுதி எண் ஆகியவை இருக்கவேண்டும். இந்தக் கடமை தனியார் மருத்துவர்க்கும் சமமாக இருக்கவேண்டும். இது நடவாத காரியம் என்பார்க்கு ஒரே பதில்: பிரசவத்தில் தாய் இறந்தால் ஒரு நாளுக்குள் தெரிவித்து, மாவட்ட ஆட்சியரே அமர்ந்து, இறந்தவளின் உறவினரையும் அழைத்து விசாரிக்கும் முறையைத் தமிழ்நாடு பல்லாண்டுகளாக நடத்திவருகிறது, உலக சுகாதார ஸ்தாபனமே அதை முன்மாதிரியாக எடுத்து எழுதியிருக்கிறது. தாய்க்குச் செய்வதைச் சேய்க்கும் செய்யச் சொல்கிறேன். சேய்களின் தொகை பன்மடங்கு அதிகமாதலால், ஆட்களும் அதிகம் வேண்டியிருக்கும், அதற்குப் பணமும் வேண்டியிருக்கும். இதை ஒளிக்க விரும்பவில்லை.

தண்டனையைப் பற்றி ஒரு வார்த்தை. அறிவிக்காமல் மறைத்த ஸ்தாபனத்துக்கு அபராதம் இருக்கட்டும். ஆனால் உண்மையை அறிவித்த செவிலியை அந்த அறிவிப்பைக் கொண்டே வேலைநீக்கம் செய்யவோ வழக்குத் தொடுக்கவோ கூடாது என்று சட்டமே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், முதல் வருஷத்திலேயே எல்லா மரணங்களும் மறுபடியும் பால் புரையேறியவையாகிவிடும். கணக்கை வெளியிடுவதும் அவ்வளவே அவசியம். 2017இல் தட்டம்மை ரூபெல்லா ஊசி பள்ளிக்கூடங்களில் தொடங்கிய வாரத்தில், வாட்ஸ்அப்பில் பரவிய செய்திகளைக் கண்டு பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்தியது நினைவிருக்கும். சுகாதாரத் துறையினர் 'வதந்தியை நம்பாதீர்' என்று கெஞ்சினார்கள். அந்தந்த வட்டாரத்தின் உண்மைக் கணக்கைத் தெருமுனையில் ஒட்டியிருந்தால் கெஞ்சவேண்டியிராது. ஆகையால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மாநகராட்சிவாரியாக, பெயர்களை நீக்கி, எத்தனை மரணம், எத்தனை விசாரித்தோம், எத்தனையில் ஊசி காரணம், எத்தனையில் இல்லை, எத்தனையில் தீர்மானிக்க முடியவில்லை என்று தமிழில் வெளியிடவேண்டும். கடைசி எண்ணை வெளியிடத்தான் அதிகாரிகள் கூசுவார்கள். அதுதான் முதலில் வேண்டும்.

எஞ்சியது பிரேதப் பரிசோதனை. ஊசிக்குப் பின் இறந்த குழந்தையை அறுத்துப் பார்க்காமல் பல வேளைகளில் காரணம் தெரியாது என்பது மருத்துவர் வாதம். 'போன பிள்ளையை மேலும் ஏன் வதைக்கிறீர்கள்' என்பது தாயின் வாதம். இரண்டும் நியாயமே. இதில் கட்டாயம் கூடாது என்பது என் அபிப்பிராயம்: மறுக்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கவேண்டும், மறுத்தால், பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் சில நாட்கள் கழித்து வீட்டுக்கே சென்று, பிள்ளை பால் குடித்ததா, எப்போது அழுதது, உடம்பு சுட்டதா, நீலம் பாய்ந்ததா என்று தாயிடமே கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்மொழி விசாரணை நடக்கவேண்டும். அவ்வாறு கேட்டு எழுதியதன் முடிவை, கோப்பு எண்ணோடு ஏதோவோர் அலுவலகத்தில் முடங்கவிடாமல், அதே தாய்க்குத் தொண்ணூறு நாட்களுக்குள் தமிழில் எழுத்து மூலமாகக் கொடுக்கவேண்டும் என்ற ஷரத்தை இச்சட்டத்துக்கான மசோதாவில் சேர்க்கும்படி இத்தொகுதிப் பிரதிநிதிகளுக்கு நாம் ஒரு விண்ணப்பம் அனுப்பலாம். அதன் நகல் மேஜை மீது இருக்கிறது, படித்துப் பார்த்துச் சம்மதமுள்ளோர் கையொப்பமிடலாம்.